நோயாளியின் தலைமாட்டில்

உங்கள் இல்லத்தில் இப்படி ஒரு நிலை வந்ததாக எண்ணிப் பாருங்கள். பல மாதங்களாகத் தலைவலியால் துன்புற்று வந்த உங்கள் உம்மாவின் மூளை உறையில் ஒரு கட்டி வளர்ந்திருப்பதை மருத்துவர் கண்டறிந்தார். கபாலத்தைத் திறந்து அதனை அகற்றினார். திசுவை ஆராய்ந்து, அது புற்றுநோய் அன்று என்றும் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் உம்மா வீடு திரும்பிவிட்டார். தலையில் வெண்மையான கட்டு, முகத்தில் வீக்கம், கண்ணைச் சுற்றிக் கருநீலம் படர்ந்திருக்கிறது. ஆனாலும் அவர் உயிரோடு உங்கள் முன் படுத்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்! கூடம் நிறைய உறவினர். அண்டை வீட்டார் அடுக்குச் சட்டியில் உணவு கொண்டுவந்து தருகின்றனர். "பெரிய கண்டம் நீங்கிவிட்டது" என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்கின்றனர்.

கண்டம் நீங்கியது மெய்தான். ஆனால், உம்மா குணமடைந்துவிட்டாரா? இந்த ஒரு கேள்வியில்தான் பல குடும்பங்கள் இடறி விழுகின்றன. பத்து நாளிலோ இரண்டு வாரத்திலோ தையலைப் பிரித்துவிடுகிறார்கள். தலைமுடி மெல்ல முளைக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த காயம் ஆறிவிட்டதைக் கண்டவுடன், "இன்னும் ஏன் படுக்கை? எழுந்து நடமாடினால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற பேச்சு அடுக்களையிலிருந்து கிளம்புகிறது. உண்மையான சோதனை அப்பொழுதுதான் தொடங்குகிறது. நோயாளிக்கு மட்டுமல்ல, அவரை நேசிப்பவர்களுக்கும்.

மூளையைத் தொட்டு அறுவை செய்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம் அன்று. ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்து 1013ஆம் ஆண்டளவில் மறைந்த அறுவை மேதை அஸ்ஸஹ்ராவி, கபால எலும்பைத் துளைக்கும்பொழுது உள்ளே ஆழமாக இறங்கிவிடாத துளைக்கருவிகளைப் பற்றி எழுதி வைத்தார் என்பது நமக்குப் பெருமை. ஆயினும் நம் நாட்டில் இத்துறை தனியாக வேரூன்றியது, வேலூரில் 1949ஆம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950ஆம் ஆண்டு டாக்டர் பி. ராமமூர்த்தியும் பணி தொடங்கிய பின்னரேயாகும். மூளையின் உட்புறத்தைத் துண்டு துண்டாகப் படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் கருவியில் முதல் நோயாளியைப் படம் எடுத்தது 1971ஆம் ஆண்டு லண்டனில். நம் பாட்டனார் காலத்தில் இந்நோயுற்றவர்கள் பலர் இன்ன நோய் என்றே அறியப்படாமல் மௌத்தானார்கள். சிலருடைய நடத்தை மாறியதைக் கண்டு ஜின் பீடித்ததாக எண்ணித் தாயத்துக் கட்டியதும் உண்டு. மூளையின் முன்பகுதியில் கட்டி வளர்ந்தால் மனிதரின் இயல்பே மாறக்கூடும் என்பதை இன்று நாம் அறிவோம்.

<b>உள்ளே ஆறுவது மெதுவாகத்தான்</b>

ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடையுள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக் கொள்கிறது. அறுவையின்போது அது அழுத்தப்பட்டும் அசைக்கப்பட்டும் இருக்கிறது. அறுவைக்குப் பின் அதில் வீக்கம் இருக்கும். அது வடிந்து, மூளை தன் வேலைகளை மீண்டும் ஒழுங்குபடுத்திக் கொள்ளும் வரை நோயாளியைப் பெருங்களைப்பு ஆட்கொள்கிறது. நாம் மாலையில் உணரும் அலுப்பைப் போன்றதன்று இது. கால்மணி நேரம் பேசிவிட்டு இரண்டு மணி நேரம் உறங்க வேண்டியிருக்கும். குழந்தைகளின் கூச்சலும், தொலைக்காட்சியின் ஓசையும், ஒரே நேரத்தில் நால்வர் பேசுவதும் அவருக்குத் தாங்கொணாத் துன்பமாகத் தோன்றும். இந்நிலை சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும், பலருக்கு மாதக்கணக்கில்.

இன்னொன்றையும் அறிந்து வைத்துக் கொள்ளுங்கள். மூளை வீக்கத்தைத் தணிக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை அளவுகடந்த பசியைத் தரும், உறக்கத்தைக் கெடுக்கும், நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும், சினத்தையும் அழுகையையும் மாறிமாறி வரவழைக்கும். நாற்பது ஆண்டுகளாக ஒரு கடுஞ்சொல் சொல்லாத உம்மா, நள்ளிரவில் எழுந்து மருமகளை ஏசுகிறார் என்றால், "மனத்தில் இருந்தது இப்பொழுது வெளிவருகிறது" என்று தீர்ப்புக் கூற யாருக்கும் உரிமை இல்லை. அதற்கு மருந்தும் மூளைக் காயமுமே காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாத்திரையைத் தாமாகவே திடீரென நிறுத்திவிடாதீர்கள். படிப்படியாகக் குறைத்தே அதை நிறுத்த வேண்டும்.

<b>தலைக்காயமும் ஒரு பாடமும்</b>

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நிகழ்ந்த ஒரு துயர நிகழ்ச்சியை ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் அபூதாவூத் தமது நூலில் பதிந்துள்ளார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்நிகழ்ச்சிதான்.

தோழர்கள் சிலர் பயணம் சென்றிருந்தனர். வழியில் ஒருவரின் தலையைக் கல் தாக்கிக் காயமுண்டாக்கிற்று. அன்றிரவு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. காயத்தோடு குளிக்க அஞ்சிய அவர், தமக்குத் தயம்மும் செய்ய அனுமதி உண்டா எனத் தம்முடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தி அண்ணலாரை எட்டியது. எவ்வளவு கடுமையாக அவர்கள் சினந்தார்கள் தெரியுமா? அந்த மனிதரைக் கொன்றவர்கள் அவருடைய தோழர்களே என்று கடிந்தார்கள். அறியாதபோது கேட்டுத் தெரிந்து கொண்டிருக்க வேண்டாமா என்று வினவினார்கள். அறியாமை எனும் நோய்க்கு மருந்து கேட்பதுதான் என்றும் உணர்த்தினார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! அந்தத் தோழர்கள் பகைவர்கள் அல்லர். மார்க்கத்தில் பேணுதல் மிக்கவர்கள். அவர்மேல் அன்பும் உள்ளவர்கள். அந்தப் பேணுதலே, கேட்டறியாமையோடு சேர்ந்து, ஓர் உயிரைப் பறித்துவிட்டது. நம் வீடுகளிலும் இந்தத் தவறு வேறு உருவில் நிகழவில்லையா? "தலையை நனைக்காமல் எப்படிக் குளிப்பு நிறைவேறும்?" என்று மூத்த மாமி ஒருவர் கேட்பார். உம்மாவும் அச்சத்தால் தையல் மீது நீரை ஊற்றிக் கொள்வார். தையற்காயத்தின் வழியே நோய்க்கிருமி நுழைந்தால் அது கபாலத்தினுள்ளும் பரவக்கூடும் என்பதை மாமி அறியமாட்டார்.

ஆலிமிடம் கேட்டால் எவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடும்! ஒளுவில் தலை முழுவதையும் தடவுவது சுன்னத்தே. கடமையான அளவு ஹனஃபி மத்ஹபில் தலையின் நான்கில் ஒரு பாகம். ஷாஃபிஈ மத்ஹபில் அதனினும் குறைவு. காயம் ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கத்தை ஈரக்கையால் தடவிக் கொள்ளலாம். கடமையான குளிப்பில் காயத்தின் மேலுள்ள கட்டை ஈரக்கையால் தடவுவதற்கும், தண்ணீரே தீங்கு செய்யும் என்றால் தயம்மும் செய்வதற்கும் வழி உண்டு. ஷாஃபிஈகள் கட்டைத் தடவுவதோடு தயம்மும் சேர்த்துச் செய்வர். தையல் நனையலாமா, எத்தனை நாளைக்கு நனையக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அந்த விடையை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் செல்லுங்கள். இருவரிடமும் கேட்காமல் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

தொழுகையும் அப்படியே. தலையைத் தாழ்த்தி முக்குவதும் குனிவதும் அறுவைக்குப் பின் சில வாரங்களுக்கு ஆகாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது வழக்கம். அப்படியானால் சஜ்தா எப்படி? நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுசைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். நாற்காலியில் அமர்ந்து, ருகூவுக்குச் சற்றே சைகை செய்து, சஜ்தாவுக்கு அதைவிடச் சிறிது கூடுதலாகச் சைகை செய்தால் போதுமானது. ஆனால், ஐம்பது ஆண்டுகளாக நெற்றியை நிலத்தில் வைத்துப் பழகிய ஒரு பெண்மணிக்கு இந்தச் சலுகையை ஏற்பது எளிதன்று, அழுவார். அவரிடம் சட்டம் பேசாதீர்கள். அருகில் அமர்ந்து, இதுவும் தொழுகையே என்று கனிவோடு சொல்லுங்கள்.

எத்தனை ரக்அத் தொழுதோம் என்பதை மறந்துவிடுவது இந்நோயாளிகளுக்குப் பெருங்கவலை. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. வீட்டில் இருக்கும் மகன், தாம் பள்ளிக்குச் செல்லாத வேளைகளில் உம்மாவின் அறையிலேயே இமாமாக நின்று தொழுவிக்கட்டும். கணக்கு வைத்துக்கொள்ளும் பாரம் இமாமுடையதாகிவிடும். உம்மா பின்பற்றிக்கொண்டிருந்தால் போதும்.

<b>நோன்பும் மாத்திரையும்</b>

இங்கே சற்றுக் கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. மூளை அறுவைக்குப் பின் சிலருக்கு வலிப்பு வரும். வராமல் தடுக்க மாத்திரை கொடுப்பார்கள். அதனைக் குறித்த நேரத்தில் விழுங்க வேண்டும். ஒரு வேளை தவறுவதும், திடீரென நிறுத்துவதும், இரவில் உறக்கம் கெடுவதும் வலிப்பை வரவழைத்துவிடும். ரமலான் வந்துவிட்டால் இம்மூன்றும் ஒன்றுசேரும் அபாயம் உண்டு அல்லவா? பகலில் மாத்திரை இல்லை. சஹருக்காக நள்ளிரவில் விழிப்பு. பசியும் தாகமும் வேறு. நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் நோற்றுக் கொள்ளத் திருமறையே அனுமதி அளித்திருக்கிறது. மீண்டும் நோற்கும் நிலையே இராது என்று நம்பகமான மருத்துவர் சொன்னால், நாள் ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் பரிகாரமும் உண்டு. அடுத்த ரமலானில் உடல் தேறியிருக்கலாம். மாத்திரையை நோன்புக்கேற்ற வேளைகளுக்கு மாற்றித் தரவும் இயலலாம். அதை ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

வலிப்பு வந்தேவிட்டால் என் செய்வது? கையில் இரும்புச் சாவியைத் திணிக்க ஓடாதீர்கள். பல்லிடையில் கரண்டி வைக்காதீர்கள். வாயில் நீர் ஊற்றாதீர்கள். அருகிலுள்ள பொருள்களை அகற்றி, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களில் அடங்காவிட்டாலும், ஒன்று முடியுமுன் மற்றொன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அவ்வாறே காய்ச்சல், தையலில் நீரோ சீழோ கசிதல், வாந்தியுடன் கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத மயக்கம், கை கால் சோர்வு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

<b>பேச்சு தடுமாறும் வீட்டில்</b>

கட்டி மூளையின் இடப்பக்கத்தில் இருந்திருந்தால் மற்றொரு துயரம் சேரக்கூடும். சொற்கள் நழுவிப் போகும். பேரனை முகம் பார்த்து அறிவார். பெயர் வாயில் வராது. தண்ணீர் வேண்டும் என்பதற்குப் பதிலாகத் தலையணை வேண்டும் என்பார். அறிவு மங்கிவிட்டது என்று எண்ணி அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி வேறு யாரிடமோ பேசத் தொடங்கிவிடுகிறோம். எத்தகைய கொடுமை இது! சொல் கிடைக்காத பலருக்குப் பிறர் சொல்வது பெரும்பாலும் விளங்கும்.

இதில் ஒரு விந்தை உண்டு. பேரனின் பெயரைச் சொல்ல இயலாத அதே உம்மா, ஃபாத்திஹா சூராவைத் தங்குதடையின்றி ஓதிவிடக்கூடும். எண்களை வரிசையாகச் சொல்வது, சிறுவயதில் மனப்பாடம் செய்த பாட்டு, நாள்தோறும் ஓதியவை ஆகியவை, புதிதாக வாக்கியம் அமைக்கும் திறன் குன்றிய பின்னும் எஞ்சியிருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்துள்ளனர். பேச்சிழந்தவர்க்கு இசையோடு சொற்களைப் பயிற்றும் ஒரு முறையை அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 1973ஆம் ஆண்டு வெளியிட்டதும் இதனைச் சார்ந்ததே. அறுபதாண்டு காலம் பஜ்ரில் ஓதிய ஓதல், கத்தி தொட்ட இடத்தையும் கடந்து நாவில் நிற்கிறது என்றால் கண்கள் பனிக்காதா?

ஆனால், இங்கேயே ஒரு தவறும் ஒளிந்திருக்கிறது. "ஓத மட்டும் வருகிறதே, பேச வரவில்லையா? பிடிவாதம்!" என்று நினைத்துவிடுவோர் உண்டு. அப்படியன்று. ஓதுவதும் பேசுவதும் மூளைக்கு ஒரே வேலை அல்ல. ஆகவே அவர் ஓதுவதைக் கேட்டு மகிழுங்கள். பேச்சுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். "ஆம், இல்லை" என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேளுங்கள். சொல்லுக்காக அவர் திணறும்போது முந்திக்கொண்டு நீங்களே முடித்து வைக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியாளர் கிடைத்தால் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்; தொடக்க மாதங்கள் விலைமதிப்பற்றவை.

<b>நலம் விசாரிக்க வருவோரும், நிலையாக இருப்போரும்</b>

நோயாளியைக் காணச் செல்வது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செலுத்த வேண்டிய உரிமைகளுள் ஒன்று. அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை அருகிலிருந்து காண வசதியாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். எனவே உம்மாவின் கட்டிலை வீட்டின் பின்கட்டில் ஒதுக்கிவிடாதீர்கள். வெளிச்சமும் காற்றும் வருகிற, மகளிர் நடமாட்டம் உள்ள அறையில் இடுங்கள். அதே வேளையில், காண வருவோர்க்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். சிறிது நேரம் இருந்து, துஆச் செய்து, எழுந்துவிடுவதே அழகு. "என் கொழுந்தியாளுக்கும் இதுதான், ஆறு மாதத்தில் மௌத்தாகிவிட்டாள்" என்று தலைமாட்டில் அமர்ந்து கதை சொல்வோரை நீங்களும் கண்டிருப்பீர்கள். மூளைக் கட்டிகளில் பல வகை உண்டு. உறையிலிருந்து எழுபவற்றுள் பெரும்பாலானவை புற்று அல்ல. அந்தக் கதைக்கும் உங்கள் உம்மாவுக்கும் தொடர்பே இராது. வாசலிலேயே ஒருவர் நின்று இன்முகத்தோடு அத்தகையோரைத் தடுத்தாலும் தவறில்லை.

விருந்தினர் போய்விடுவர். மூன்றாம் மாதத்தில் கூடம் வெறிச்சோடிவிடும். அப்பொழுதும் இரவில் எழுந்து மாத்திரை கொடுக்கிறவர் யார்? பெரும்பாலும் ஒரு மகள்; அல்லது மருமகள். அவர் பெயரை யாரும் துஆவில் சேர்ப்பதில்லை!

ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு, கி.பி. 624இல், பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபொழுது, உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியாரும் பெருமானாரின் திருமகளாருமான ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். போருக்கு ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம் அது. மனைவியைக் கவனிக்க மதீனாவிலேயே தங்குமாறு உஸ்மான் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பத்ரில் கலந்து கொண்டவர்க்குரிய நன்மையும் போர்ப் பொருளில் பங்கும் அவர்களுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். வெற்றிச் செய்தி மதீனாவை அடைந்த வேளையில் ருகையா (ரலி) அவர்கள் மறைந்துவிட்டிருந்தார்கள். நோயாளி பிழைக்கவில்லை. ஆயினும் தலைமாட்டில் இருந்தவரின் பங்கு ஓர் அணுவும் குறைக்கப்படவில்லை.

அந்தத் தலைமாட்டில் இருந்தவர் ஓர் ஆண்மகன் என்பதையும் கவனியுங்கள். பணிவிடை பெண்களின் வேலை என்று ஒதுங்கி, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதோடு கடமை முடிந்ததாக எண்ணும் மைந்தர்களுக்காகவே இதனைச் சொல்கிறேன். பணம் வேண்டியதுதான், ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் சிறிதா செலவு? ஆனால், வாரத்தில் இரண்டு இரவுகள் உம்மாவின் அருகில் படுக்க ஓர் ஆள் மாற்றும் வேண்டும். ஊரிலிருக்கும் தம்பி அதற்கு முன்வரட்டும். பக்கத்துத் தெருவிலிருக்கும் ராத்தா ஒரு பகற்பொழுதை ஏற்றுக் கொள்ளட்டும். மாத்திரை நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் யாரும் யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டியிராது.

வாப்பா உயிரோடு இருப்பாரானால் அவரையும் மறந்துவிடாதீர்கள். தம் துணைவியின் மழித்த தலையை முதன்முறை கண்ட அன்று அவர் திண்ணைக்குச் சென்று வெகுநேரம் தனியே அமர்ந்திருந்திருப்பார், யாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். உம்மாவுக்குக் காலையில் தேநீர் கொண்டு கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். இருவருக்கும் அது நன்மை செய்யும்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்திருப்பார். கட்டி முழுதும் நீங்கியதா, மீண்டும் முளைக்கிறதா என்று அறிய அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் இப்படிப் பார்த்துவர வேண்டியிருக்கும். அந்த முதல் நாள் வருமுன் உம்மாவுக்கு உறக்கம் வராது, வீட்டாருக்கும் வராது. யார் உடன் செல்வது என்பதை இப்பொழுதே பேசி முடிவு செய்து கொள்ளுங்கள். மகன் செல்லட்டும். இத்தனை நாள் இரவும் பகலும் விழித்திருந்த மருமகள் அன்று வீட்டிலிருந்து உறங்கட்டும்.